நீர்த்தேக்கத்தில் ஓர் அயல் மீன்

பாசனத்துக்காகவும் மின்னாக்கத்துக்காகவும் எழுப்பப்படும் அணைகள் மீன்வளத்துக்கும் இடமளிக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு நீர்த்தேக்கத்தில் எந்தெந்த மீன்கள் வாழ்கின்றன என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை பல இடங்களில் கிடைப்பதில்லை. கரைக்கு வரும் மீன் எடை போடப்படுகிறது. தொகை கணக்கில் ஏறுகிறது. வண்டி சந்தைக்குப் புறப்பட்டுவிடுகிறது. வலையில் என்றேனும் ஒருநாள் பழக்கமில்லாத மீன் சிக்கினால், அது 'பிற மீன்கள்' என்ற பத்தியில் சேர்க்கப்படுகிறது. அல்லது அதனோடு ஓரளவு ஒத்திருக்கும் வேறொரு மீனின் பெயரால் எழுதப்படுகிறது. இவ்வாறு பெயர் இழந்த மீன், சில ஆண்டுகளில் அந்த நீர்த்தேக்கத்தின் முதன்மை மீனாகவே மாறிவிடக்கூடும்.

இதற்கு நாட்டில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று, இமாசலப் பிரதேசத்திலுள்ள கோவிந்த சாகர் நீர்த்தேக்கமும் அதில் நுழைந்த வெள்ளிக் கெண்டையும் ஆகும். அந்த மீன் வந்த வழி, அதை அடையாளம் காணும் முறை, அதைப் பிடிப்பதிலுள்ள சிக்கல், அதனால் விளைந்த வரவும் இழப்பும் ஆகியவற்றை அறிவது, மீன்வளம் பயிலும் மாணவருக்கும் நீர்த்தேக்கங்களை நிர்வகிக்கும் அலுவலருக்கும் பயன்தரும்.

அணையும் நீர்த்தேக்கமும்

சட்லெஜ் ஆற்றின் குறுக்கே சுமார் 226 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட பக்ரா அணை, 1963ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பின்னால் தேங்கிய நீர்ப்பரப்பே குரு கோவிந்த சிங்கின் பெயர் தாங்கிய கோவிந்த சாகர். நிறைந்த நிலையில் இதன் பரப்பு சுமார் 168 சதுர கிலோமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 934 கோடி கன மீட்டர். பழைய பிலாஸ்பூர் நகரம் இந்த நீரில் மூழ்கியது. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயில்களின் கோபுரங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

நிலத்தை இழந்த குடும்பங்களைச் சேர்ந்த பலர் மீன்பிடித் தொழிலை மேற்கொண்டனர். கரையோரக் கிராமங்களில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. ஆகவே இந்த நீர்த்தேக்கத்தில் எந்த மீன் வளர்கிறது, எது குறைகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் அக்கறைக்குரிய செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. வயலைத் தண்ணீருக்குக் கொடுத்த குடும்பங்களின் வருவாய் அதைப் பொறுத்தே அமைந்தது.

சட்லெஜ் ஆற்றில் இயல்பாக வாழ்ந்த மாசீர் முதலிய மீன்கள் அணைக்குப் பின்னும் ஓரளவு எஞ்சியிருந்தன. அவற்றோடு கட்லா போன்ற இந்தியப் பெருங்கெண்டைகளின் குஞ்சுகளும் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன. நீரின் மேல்மட்டத்தில் வாழ்ந்து விரைவாக வளரும் கட்லா, சந்தையில் நல்ல விலை பெறும் மீனாதலால், நீர்த்தேக்க மீன்வளத்தின் தூணாக அமையும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

வெள்ளிக் கெண்டை வந்த வழி

வெள்ளிக் கெண்டை, சீனத்தையும் கிழக்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட மீன். 1959ஆம் ஆண்டில் இது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரிசாவின் கட்டாக்கில் இருந்த மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் வளர்க்கப்பட்டது. அக்காலத்தில் இந்திய மீன்வளத் துறையில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, குளத்தில் முட்டையிடாத பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்யும் முறையில் ஹீராலால் சௌத்ரி 1957ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். அதே முறையால் 1962ஆம் ஆண்டில் வெள்ளிக் கெண்டையும் கட்டாக்கில் முட்டையிட்டது. அதன்பின், கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்று உள்நாட்டு மீன்களோடு வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகிய மூன்று அயல் மீன்களையும் ஒரே குளத்தில் வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பு நாடெங்கும் பரவியது. பல மாநிலங்களின் மீன் பண்ணைகளுக்கு வெள்ளிக் கெண்டை சென்று சேர்ந்தது இவ்வாறே.

குளத்தில் வளர்ப்பதற்கும் நீர்த்தேக்கத்தில் விடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. குளத்தை வற்றவைக்கலாம், வேண்டாத மீனை அகற்றலாம். நீர்த்தேக்கத்தில் அது இயலாது. கோவிந்த சாகரில் வெள்ளிக் கெண்டையை விடுவதென்று முன்கூட்டியே ஆராய்ந்து எடுத்த முடிவு எதுவும் இல்லை. 1971ஆம் ஆண்டில் வெள்ளத்தின்போது பிலாஸ்பூர் பகுதியிலுள்ள தியோலி மீன் பண்ணையிலிருந்து அது தற்செயலாக நீர்த்தேக்கத்தை அடைந்தது. திட்டமிட்ட வளர்ச்சியின் சின்னமாகக் கருதப்பட்ட ஒரு நீர்த்தேக்கத்தின் மீன்வளத்தை, திட்டமிடாத ஒரு நிகழ்ச்சி மாற்றியமைத்தது.

இந்த மீன் அங்கே நிலைபெற்றதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக் கெண்டையின் முட்டைகள் நீரை உறிஞ்சிப் பெருத்து, ஓடும் நீரில் பாதி மிதந்தவாறு செல்பவை. ஓட்டம் நின்றால் அடியில் படிந்து அழிந்துவிடும். எனவே, முட்டை பொரியும்வரை தாங்கிச் செல்லப் போதிய நீளமுள்ள ஆறும், பொரித்த குஞ்சுகள் வளர அமைதியான நீர்ப்பரப்பும் அதற்குத் தேவை. பருவமழையில் பெருகிவரும் சட்லெஜும் அதன் கீழே விரிந்துகிடக்கும் கோவிந்த சாகரும் இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்தன. பண்ணையில் ஊசியின் துணையால் முட்டையிட்ட மீன், இங்கே தானாகவே இனம் பெருக்கத் தொடங்கியது.

அடையாளம் காணும் முறை

முன்பின் பார்த்திராதவர் வெள்ளிக் கெண்டையைக் கட்லா என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. இரண்டும் மேல்மட்ட மீன்கள். இரண்டுக்கும் தலை பெரிது. இரண்டின் வாயும் மேல்நோக்கி அமைந்தவை. மீசை இழைகள் இரண்டுக்கும் இல்லை. இந்திய மீன்களைப் பற்றிய பழைய அடிப்படை நூலான பிரான்சிஸ் டேயின் தொகுதிகள் 1875 முதல் 1878 வரை வெளிவந்தவை. பின்னர் நாட்டுக்குள் வந்த மீன்களுக்கு அவற்றில் இடமிருக்க முடியாது. உள்நாட்டு மீன்களுக்கான அடையாளக் குறிப்புகளை மட்டும் கையில் வைத்திருப்பவர், அயல் மீனுக்கும் உள்நாட்டுப் பெயர் ஒன்றையே சூட்ட நேரிடும்.

எனினும் சில உறுப்புகளை வரிசையாகப் பார்த்தால் ஐயம் எழ வேண்டியதில்லை.

முதலாவது, கண். வெள்ளிக் கெண்டையின் கண் சிறியது. தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே, வாயின் மூலையை ஒட்டித் தாழ்ந்திருப்பது. மீனைத் தலைகீழாகப் பிடித்ததுபோன்ற தோற்றத்தை இது தருகிறது. இதன் பேரினத்துக்கு அறிவியலார் வழங்கிய ஹைப்போஃப்தால்மிக்திஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே 'கீழ்க்கண் மீன்' என்பது பொருள்.

இரண்டாவது, செதில். கட்லாவின் செதில்கள் பெரியவை. பக்கவாட்டுக் கோட்டில் 40 முதல் 43 வரை எண்ணலாம். வெள்ளிக் கெண்டையின் செதில்களோ மிகச் சிறியவை. அதே கோட்டில் நூற்றுக்கு மேற்பட்டவை இருக்கும். எண்ணிப் பார்க்க நேரமில்லாதவர்கூட விரலால் தடவி இந்த வேறுபாட்டை உணரலாம்.

மூன்றாவது, துடுப்புகள். கட்லாவின் முதுகுத் துடுப்பு நீண்டது. அதில் கிளைத்த கதிர்கள் 14 முதல் 16 வரை உண்டு. வெள்ளிக் கெண்டையின் முதுகுத் துடுப்பு குட்டையானது; கிளைத்த கதிர்கள் 7 அளவிலேயே இருக்கும். குதத் துடுப்பில் நிலைமை நேர்மாறானது. கட்லாவுக்கு அங்கே கிளைத்த கதிர்கள் 5. வெள்ளிக் கெண்டைக்குப் பன்னிரண்டுக்குக் குறையாது.

நான்காவது, அடிவயிறு. வெள்ளிக் கெண்டையின் தொண்டைப் பகுதியில் தொடங்கிக் கழிவாய்வரை, படகின் அடிக்கட்டை போன்ற கூரிய விளிம்பு ஒன்று ஓடுகிறது. கட்லாவின் வயிறு உருண்டது. அதற்கு இத்தகைய விளிம்பு இல்லை.

ஐந்தாவது, செவுள். செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், வெள்ளிக் கெண்டையின் செவுள் முட்கள் ஒன்றோடொன்று இணைந்து கடற்பஞ்சு போன்ற சல்லடையாக அமைந்திருப்பதைக் காணலாம். நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளை வடிகட்டி உண்பதற்கு ஏற்ற அமைப்பு இது.

இங்கே மற்றொரு மீனையும் பிரித்தறிதல் வேண்டும். வெள்ளிக் கெண்டையின் நெருங்கிய உறவான பெருந்தலைக் கெண்டை, இந்தியாவில் வளர்க்க அனுமதி பெறாத மீன். ஆயினும் முறையற்ற வழிகளில் நாட்டுக்குள் நுழைந்து, சில இடங்களில் வெள்ளிக் கெண்டையோடு கலந்து காணப்படுகிறது. அதன் உடலில் கருஞ்சாம்பல் திட்டுகள் பரவியிருக்கும். மார்புத் துடுப்பு நீண்டு, வயிற்றுத் துடுப்பின் அடியைத் தாண்டிச் செல்லும். அடிவயிற்று விளிம்பு வயிற்றுத் துடுப்புக்குப் பின்னரே தொடங்கும். செவுள் முட்கள் இணையாமல் சீப்பின் பற்கள்போல் தனித்தனியே நிற்கும். இவ்விரண்டும் கலந்து பிறந்த மீன்களில் இந்த அடையாளங்கள் இடைப்பட்டவையாக இருக்கும். அத்தகைய மீனுக்குக் கரையிலேயே பெயர் சூட்டாமல் ஆய்வு நிலையத்துக்கு அனுப்புவதே முறை.

பழக்கமில்லாத மீன் யாவும் அயல் மீன் என்று முடிவு கட்டுவதும் தவறாகும். அருகிவரும் உள்நாட்டு மீனும் இளந்தலைமுறை மீனவருக்குப் புதியதாகவே தோன்றும். தடித்த உதடுகளும், இரண்டு இணை மீசை இழைகளும், பக்கவாட்டுக் கோட்டில் 25 முதல் 28 வரையான மிகப் பெரிய செதில்களும், பொன்னிறச் சாயலும் கொண்டிருந்தால் அது பொன் மாசீர். உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. அது உயிரோடு சிக்கினால் படமெடுத்து, நீளத்தைக் குறித்துக்கொண்டு, நீரில் விட்டுவிடுவதே தகும்.

பிடிப்பதில் உள்ள சிக்கல்

ஒரு மீன் நீர்த்தேக்கத்தில் இருக்கிறதா என்பதை அங்கே பயன்படுத்தப்படும் வலையும் பாதியளவு தீர்மானிக்கிறது. இந்த உண்மை கணக்கெடுப்பில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

வெள்ளிக் கெண்டை இரையை வடிகட்டி உண்பதால், தூண்டிலில் கோத்த புழுவையோ மாவுருண்டையையோ பொதுவாக நாடுவதில்லை. ஆகவே தூண்டில்காரர் பல ஆண்டுகள் முயன்றாலும் அதைக் காணாமல் இருக்கலாம். இழுவலையும் இங்கே எளிதில் பயன்படாது. மூழ்கிய மரங்களும், கட்டடங்களும், பாறைகளும் வலையைக் கிழித்துவிடும். சுற்றி வளைத்தாலோ, கலவரமடைந்த மீன் நீருக்கு மேலே துள்ளி வலையைத் தாண்டிவிடுகிறது.

எஞ்சுவது செவுள்வலை. மாலையில் மேல்மட்டத்தில் மிதக்கவிட்டு விடியற்காலையில் எடுக்கப்படும் இந்த வலையில், தலையை நுழைத்த மீன் பின்வாங்கும்போது செவுள் மூடி கண்ணியில் சிக்கிக்கொள்கிறது. கண்ணியின் அளவே இங்கு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கண்ணியைவிடச் சிறிய மீன் ஊடே சென்றுவிடும். மிகப் பெரியது நுழையாமல் திரும்பிவிடும். குஞ்சுகளைக் காப்பதற்காகப் பெரிய கண்ணி வலைகளை வலியுறுத்துவது நல்ல நிர்வாகமே. ஆனால் அதன் விளைவாக, புதிதாக நுழைந்த மீனின் இளம் தலைமுறைகள் பிடிபடாமல், கண்ணில் படாமல் வளர்கின்றன.

கோவிந்த சாகரில் நடந்ததும் இதற்கு மாறானதன்று. 1971இல் நுழைந்த வெள்ளிக் கெண்டை, எழுபதுகளின் பிற்பகுதியில்தான் பிடிப்புக் கணக்கில் குறிப்பிடத்தக்க இடத்தைப் பெறத் தொடங்கியது. நுழைவுக்கும் வெளிப்பாட்டுக்கும் இடையிலான இந்தச் சில ஆண்டுகளே நிர்வாகத்துக்குக் கிடைக்கும் காலம். மீன் இனம் பெருக்கிவிட்ட பின்னர் அதை அகற்றுவது பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அதனோடு வாழும் வழியைத்தான் தேட வேண்டும்.

எனவே வணிகப் பிடிப்பை மட்டும் நம்பியிராமல், பல்வேறு கண்ணி அளவுள்ள வலைத் துண்டுகளை ஒன்றாக இணைத்து, ஆண்டில் சில முறை சோதனைப் பிடிப்பு நடத்துவது அவசியமாகிறது. நீர்மட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். கோவிந்த சாகர் பருவமழையின் முடிவில் நிரம்பி, மறு ஆண்டு கோடையில் பெரிதும் தாழ்கிறது. நிறை மட்டத்துக்கும் குறைந்தபட்ச மட்டத்துக்கும் இடையே 60 மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. நீர் சுருங்கும் கோடையில் மீன்கள் நெருங்கி வாழ்வதால், சிறிய எண்ணிக்கையில் உள்ள இனமும் வலையில் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாறாக, இனப்பெருக்கக் காலமான மழைக்காலத்தில் இரண்டு மாதங்கள் மீன்பிடித்தல் தடைசெய்யப்படுகிறது. அக்காலத்தில் ஆய்வுக்காக மட்டும், துறையின் அனுமதியோடு, ஆற்று முகத்தில் முட்டைகளையும் குஞ்சுகளையும் சேகரித்துப் பார்த்தால், புதிய மீன் இனம் பெருக்குகிறதா என்ற முக்கியமான வினாவுக்கு விடை கிடைக்கும்.

வரவும் இழப்பும்

எண்பதுகள் முடிவதற்குள் கோவிந்த சாகரில் பிடிபட்ட மீனின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வெள்ளிக் கெண்டையுடையதாயிற்று. நீர்த்தேக்கத்தின் மொத்த மீன் உற்பத்தியும் உயர்ந்தது. நாட்டின் பெரிய நீர்த்தேக்கங்கள் பலவற்றில் விளைச்சல் மிகக் குறைவாக இருந்த அக்காலத்தில், இது கவனத்தை ஈர்த்த வளர்ச்சியாகும். பாசியை நேரடியாக உண்ணும் மீன் உணவுச் சங்கிலியின் அடிப்படியிலேயே வாழ்வதால், அதே நீரிலிருந்து கூடுதல் எடை கிடைப்பது இயல்பே. மலிவான மீன் உணவு மக்களுக்குக் கிடைத்தது. மீனவர் சங்கங்களின் கையிருப்பும் பெருகியது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அதே காலத்தில் கட்லாவின் பங்கு வீழ்ந்தது. கட்லா பெரும்பாலும் விலங்கு மிதவைகளை உண்பது. வெள்ளிக் கெண்டை முதன்மையாகத் தாவர மிதவைகளை உண்பது. எனினும் இரண்டும் ஒரே மட்டத்தில் வாழ்பவை. உணவும் ஓரளவு பொதுவானது. வெள்ளிக் கெண்டையின் தசை மென்மையானது, விரைவில் கெடுவது, கட்லாவின் விலையை அது பெறுவதில்லை. ஆகவே எடையில் கண்ட உயர்வு முழுவதும் வருவாயில் காணப்படும் என்று கொள்ளலாகாது. மீனவரின் பார்வையில், கூடையின் கனம் கூடினாலும் கிலோவுக்குக் கிடைத்த தொகை குறைந்தது.

கட்லாவின் வீழ்ச்சிக்கு வெள்ளிக் கெண்டையை மட்டுமே குற்றஞ்சாட்டுவதும் அறிவியலுக்குப் பொருந்தாது. 1977ஆம் ஆண்டில் பியாஸ்-சட்லெஜ் இணைப்புத் திட்டம் செயல்படத் தொடங்கியது. பண்டோவில் திருப்பப்பட்ட பியாஸ் ஆற்றின் குளிர்ந்த நீர், சுரங்கங்கள் வழியே வந்து, தேஹர் மின்நிலையத்தில் ஆற்றலைத் தந்தபின் சட்லெஜில் கலந்தது. கட்லா வெதுவெதுப்பான சமவெளி நீருக்குரிய மீன்; வெள்ளிக் கெண்டையோ குளிர்ந்த நீரையும் தாங்குவது. ஒரே காலத்தில் நீரின் இயல்பும் மாறி, போட்டியாளரும் பெருகிய நிலையில், ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது எளிதன்று. இன வாரியாக எடை குறிக்கப்பட்டு வந்த காரணத்தால்தான் இந்த வினாவை எழுப்பவாவது முடிகிறது. எல்லாம் ஒரே 'கெண்டை' என்ற பெயரில் எழுதப்பட்டிருந்தால், உற்பத்தி உயர்ந்தது என்ற மகிழ்ச்சிக்கு அடியில் நிகழ்ந்த மாற்றம் எவருக்கும் தெரிந்திருக்காது.

ஒப்பீட்டுக்கு அதே மாநிலத்திலேயே மற்றொரு நீர்த்தேக்கம் உண்டு. பியாஸ் ஆற்றில் எழுபதுகளின் நடுவில் உருவான பாங் நீர்த்தேக்கத்தில், சிங்காரா எனப்படும் மீசை மீனும், ரோகு, மாசீர் போன்ற உள்நாட்டுக் கெண்டைகளுமே முதன்மை பெற்றன. அண்டை ஆறுகளில், ஒரே துறையின் பொறுப்பில் உள்ள இரு நீர்த்தேக்கங்கள் இருவேறு மீன்வளங்களைப் பெற்றதில், எந்த மீன் உள்ளே வந்தது என்பதற்கும் பங்குண்டு.

ஓர் அயல் மீனின் வெற்றியும் நிலையானதன்று. சட்லெஜில் மேற்புறத்தே கட்டப்பட்ட கோல் அணை 2015ஆம் ஆண்டில் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. அதனால் கோவிந்த சாகருக்கு மேலே தடையின்றி ஓடும் ஆற்றின் நீளம் குறுகியது. முட்டைகள் மிதந்து செல்ல நீண்ட ஓட்டம் தேவைப்படும் மீனுக்கு இத்தகைய மாற்றம் பொருட்படுத்தத்தக்கது. ஒரே மீனை நம்பி நிற்கும் மீன்வளம், அந்த மீனின் இனப்பெருக்கம் தளர்ந்தால் தானும் தளரும். உள்நாட்டு மீன்களின் பன்மையைக் காப்பதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

பதிவு செய்யும் முறை

பழக்கமில்லாத மீன் ஒன்று வலையில் வந்தால் கரையிலுள்ள அலுவலரும் சங்கச் செயலாளரும் செய்ய வேண்டியவை எளியவையே.

அயல் மீன் என்ற ஐயம் வலுவாக இருந்தால் அதை மீண்டும் நீரில் விடலாகாது. உயிரோடு வேறு குளத்துக்குக் கொண்டுசெல்லவும் கூடாது. மீனை ஒரு தட்டையான பலகையில் இடப்பக்கம் மேலிருக்குமாறு கிடத்தி, துடுப்புகளை விரித்து, அருகில் அளவுகோல் ஒன்றை வைத்துப் படமெடுக்க வேண்டும். செதில், துடுப்புக் கதிர், அடிவயிற்று விளிம்பு, செவுள் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுப்பது நலம். நீளம், எடை, பிடித்த நாள், இடம், ஆழம், வலையின் வகை, கண்ணியின் அளவு ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி மீனோடு இணைக்க வேண்டும். மையினால் எழுதியது நீரில் கரைந்துவிடும்.

துடுப்பின் சிறு துண்டு ஒன்றைச் சாராயத்தில் இட்டு வைத்தால், மரபணுச் சோதனைக்கு அது போதும். ஃபார்மலினில் வைத்த தசை இச்சோதனைக்கு நன்கு உதவாது என்பதால், துண்டை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். பின்னர் முழு மீனையும், ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் இடலாம். பெரிய மீனாயின் வலப்பக்க வயிற்றில் சிறிதளவு கீறிவிட்டால் கரைசல் உள்ளே சென்று அழுகலைத் தடுக்கும். ஃபார்மலின் நச்சுத்தன்மை உடையதாதலால் கையுறை இன்றி அதைக் கையாளக் கூடாது. அதில் இட்ட மீன் உணவுக்கு ஆகாது. இரைப்பையையும் சினைப்பையையும் பார்த்து, மீன் என்ன உண்டது, முட்டை முதிர்ந்துள்ளதா என்று குறித்துக்கொள்வது மிகுந்த பயனளிக்கும். முதிர்ந்த முட்டையோடு கிடைக்கும் ஒரே ஒரு மீன், தப்பி வந்த பல சிறு மீன்களைவிட அவசரமான செய்தியாகும்.

பெயரை உறுதி செய்வதற்குப் பராக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபு வள நிறுவனம், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை ஆகியவை உள்ளன. அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியும் கல்லூரி விலங்கியல் துறையும் முதற்கட்ட உதவியைத் தர இயலும். மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த களப்பயிற்சி வேறில்லை எனலாம்.

இன்றைய தேவை

1971இல் ஒரு பண்ணையிலிருந்து நிகழ்ந்தது பழங்கதையாகிவிடவில்லை. 2018ஆம் ஆண்டு கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின், தென் அமெரிக்காவின் அரப்பைமாவும் வட அமெரிக்காவின் முதலை மூக்கு மீனும் அம்மாநில ஆறுகளில் வலைகளில் சிக்கின. அழகுக்காகவும் ஆதாயத்துக்காகவும் வளர்க்கப்பட்டவை வெள்ளத்தோடு வெளியேறியிருந்தன. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் கவச உடல் கெளுத்தி, நாட்டின் பல ஏரிகளிலும் குளங்களிலும் பரவி, முள் நிறைந்த துடுப்புகளால் மீனவரின் வலைகளைப் பாழ்படுத்துகிறது. வளர்க்க அனுமதி மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மறைவாக வளர்க்கப்பட்டு நீர்நிலைகளை அடைந்துள்ளது. வெள்ளிக் கெண்டை பாசியை உண்டது. இவற்றுள் சில, பிற மீன்களையே இரையாக்கிக் கொள்பவை. அவை நிலைபெற்றால் கோவிந்த சாகரில் கண்டதுபோன்ற உற்பத்தி உயர்வு என்ற ஆறுதலும் கிடைக்காது.

ஆகவே மூன்று நடவடிக்கைகள் உடனடிக் கவனத்துக்கு உரியவை. நீர்த்தேக்கங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள பண்ணைகள் வெள்ள மட்டத்துக்கு மேலே அமைதலும், வெளியேறும் நீர்வழிகளில் தடுப்புச் சல்லடை பொருத்துதலும் முதலாவது. மீன் இறங்கும் ஒவ்வொரு துறையிலும் அப்பகுதி மீன்களின் படங்களும், வரக்கூடிய அயல் மீன்களின் படங்களும் வட்டாரப் பெயரோடு சுவரில் இடம்பெறுதல் இரண்டாவது. 'பிற மீன்கள்' என்ற பத்தியில் எழுதப்படும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குறிப்பேனும் இணைக்கப்படுதல் மூன்றாவது. இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பருவத்தில் விடப்படும் மீன் குஞ்சுகளின் செலவோடு ஒப்பிட்டால் சிறியதே.

புதிய மீனை முதலில் காண்பவர் ஆராய்ச்சியாளர் அல்லர். விடியற்காலையில் வலையைத் தூக்கும் மீனவரே. அதைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டினால் அபராதமோ அலைச்சலோ நேரும் என்ற அச்சம் அவருக்கு இருக்கலாகாது. அந்த மீனுக்குரிய விலையைச் சங்கமே கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்குமானால், நீர்த்தேக்கத்தில் நிகழும் மாற்றம் உரிய காலத்தில் உரியவரை வந்தடையும். சரியான பெயரோடு பதிவான ஒரு மீன், பின்னர் பல ஆண்டுகள் செய்ய வேண்டிய செலவைத் தவிர்க்கவல்லது.